கன்றைத் தூக்கியவள்

மொக்கம்மாளின் அய்யாவுக்கு,

உங்கள் தம்பி வந்தார். கம்பம்மெட்டுக்கு மேலே நீங்கள் எங்களை விட்டுப் போய்த் தங்கியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு நம் செவலைப் பசுவை ஓட்டிவரச் சொன்னீர்களாம். அங்கே பால் குடிக்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இளங்கன்றை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் தெருமுனை வரை இழுத்துப் போனார். தினமும் தொழுவம் கூட்டிப் புல் அறுத்துப் போடுகிற நம் மகள் மொக்கம்மாள் சும்மா இருப்பாளா? கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, பசுவின் கண்ணில் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பசு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

"ஏ ஆத்தா, கன்னுக்குட்டிய எறக்கி விடு!" என்று கெஞ்சினார்.

"கன்ன விட்டுட்டு இழுத்தா மாடு வருமா சித்தப்பா? இதுகூடத் தெரியாமயா வந்தீக?" என்றாள்.

அடுத்து மகளை அழைத்துப்போக நீங்களே வருவீர்களாம். அவள் பின்னாலேயே நானும் வந்து அங்கே அடங்கிக் கிடப்பேன் என்ற நினைப்பு. வாருங்கள். இந்தக் கன்றைத் தூக்க உங்களுக்குத் தெம்பு போதாது.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்