டெல்லி நேரம் மாலை ஆறு

ஜனக்புரி, புது டெல்லி
5 நவம்பர் 2006

அன்புள்ள சுந்தரேஷ் அவர்களுக்கு,

வைதேஹி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் கம்ப்யூட்டர் விளையாட்டில் தூரத்திலிருந்து பார்த்தேன். உங்கள் தலைக்கு மேல், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பச்சைக் கோடு முழுசாக இருந்தது.

கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். மெயில் அனுப்பினால் ‘ஓகே’ வரும். சாட்டில் கேட்டால் சிரிக்கும் மஞ்சள் முகம் வரும். காகிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது. நியூஜெர்சி போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள் தபால் ஆபீஸில். ஆகட்டும்.

கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ‘நீங்கள்’தான். ‘நீ’ விளையாட்டில் வந்தது. ஓநாய்கள் துரத்தியபோது, ‘ஓடு, இடது பக்கம் ஓடு’ என்று தட்டினேன். மரியாதைக்கு நேரமில்லை. அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தும்போது தானாகச் சிரிப்பு வந்தது. இந்தக் கடிதத்தில் மறுபடி ‘நீங்கள்’.

போனில் பேசினால் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார்கள், நாம் இருவர் மட்டும் விளையாட்டில் சந்திப்போம் என்றது நீங்கள். எனக்கு ஒரு உருவம் செய்து கொடுத்தீர்கள். மஞ்சள் அங்கி, கையில் கோல். காயம் ஆற்றுகிறவள். பெயரும் நீங்களே வைத்தீர்கள். மிஸஸ் சுந்தர். அதை மாற்ற முடியாதாம். விசாரித்துவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள். உங்களுக்கு இரவு ஒன்பது, எனக்கு மறுநாள் காலை ஆறரை. முதல் மாதம் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்தோம். பிறகு டொரான்டோவிலிருந்து உங்கள் நண்பர் அர்விந்த் வந்தார். சிங்கப்பூரிலிருந்து ஆரோன். அப்புறம் எனக்கு முகம் தெரியாத நாலைந்து பேர். ஏரி போய்க் கோட்டை வந்தது. எல்லோருக்கும் நேரம் குறிப்பது நீங்கள். தலைவர். நான் பின்னால் நின்று உங்கள் காயத்தை ஆற்றினேன். எனக்கு அடிபட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டரை அணைத்ததும் உங்கள் அம்மா கேட்பார், சுந்தர் என்ன சொன்னான் என்று. நீங்கள் சொன்னது ‘ஹீல், ஹீல், ஜல்தி’. காயத்தை ஆற்று, சீக்கிரம் என்று. நான் சொல்வது வேறு. ‘உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார், அம்மா. அப்பாவை மஃப்ளர் கட்டிக்கொண்டு வாக்கிங் போகச் சொன்னார்.’ இத்தனை மாதமாக உங்கள் பாசத்தை நான் தயாரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன். நேற்று கேட்டபோது, ‘ஒன்றும் சொல்லவில்லை, அம்மா’ என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் அணைக்கவில்லை.

போன திங்கட்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையின் கடைசிக் கதவை உடைக்கும் நாள். ஆறரைக்கு வந்தேன். பனி கொட்டும் வாசல். ஒருவரும் இல்லை. வேறு கதவோ என்று கோட்டையைச் சுற்றி வந்தேன். மறுபடி வாசல். நின்றேன். உங்கள் அப்பா வந்து, சார்ட்டர்ட் பஸ் போயிடும்மா, இன்னும் தலைகூட வாரலையே என்றார். ஓடினேன்.

சாயங்காலம் திறந்தால் குழுவில் நான் இல்லை. நீக்கியிருந்தீர்கள். ஆற்ற ஆளில்லாமல் கோட்டைக்குள் எல்லோரும் செத்திருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அர்விந்த் இந்தியில் எழுதியிருந்தார், ‘பாபி பாக் கயீ’. அண்ணி ஓடிவிட்டாளாம். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புகள். அதற்கும் கீழே நீங்கள். இவளை நம்பி எதையும் தொடங்கக்கூடாது என்று.

ஆரோன்தான் தனியாகக் கேட்டான். அக்கா, குளிர்காலத்துக்காக அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்களே, அவர்களுடைய ஒன்பது மணி உங்களுக்கு இனி ஏழரை, சுந்தர் அண்ணா மெயில் போட்டாரே, உங்களுக்கு வரவில்லையா?

வரவில்லை. உங்களைக் கேட்டேன். நீ வீட்டில்தானே இருக்கே, எப்படியும் இருப்பேன்னு நினைச்சேன் என்றீர்கள். மஞ்சள் முகம் ஒன்று.

ஏழரைக்கு நான் ராஜா கார்டன் தாண்டியிருப்பேன். பஸ்ஸில், நின்றுகொண்டு. நான் வேலைக்குப் போகிறேன் என்பதே உங்களுக்கு நினைவில்லை. சிங்கப்பூரில் இருப்பவனுக்கு நேரம் சொல்ல வேண்டும். மனைவிக்கு வேண்டாம்.

இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, சாணக்கியபுரி அமெரிக்கத் தூதரகத்தில் எனக்கு விசா இன்டர்வியூ. டிராவல் ஏஜென்ட் ஜம்பு சார் கேள்விகள் கேட்டுப் பழக்கினார். கணவர் காலையில் எப்போது எழுந்திருப்பார்? என்ன சாப்பிடுவார்? கடைசியாக இருவரும் என்ன பேசினீர்கள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோட்டைக்கு எப்போது வருவீர்கள் என்று தெரியும். இப்போது அதுவும் தப்பு. ஜம்பு சார் சிரித்தார். இப்படி முழிச்சா விசாவுக்காகக் கட்டின பொய்க் கல்யாணம்னு எழுதிடுவாங்கம்மா என்றார். நான் சிரிக்கவில்லை. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றியது.

எனவே இந்த முறை நேரம் குறிப்பது நான்.

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. டெல்லி நேரம் மாலை ஆறு. ஏரிக்கரை. அர்விந்த் வேண்டாம். கோட்டை வேண்டாம். உங்கள் ஊரில் அப்போது மணி என்ன என்று சொல்லமாட்டேன். கணக்கை நீங்கள் போடுங்கள். அலாரத்தை நீங்கள் வையுங்கள். தப்பாகப் போட்டால் காலி ஏரியைப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று தெரியும்.

நீங்கள் வராவிட்டால் திங்கட்கிழமை சாணக்கியபுரி போகமாட்டேன். வழக்கமான பஸ்ஸில் ஏறிவிடுவேன். உங்கள் அம்மா அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்கு உங்களைவிட என் பேச்சு பழக்கம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சை மூடிக்கொண்டு தூங்குங்கள். அம்மா சொல்லச் சொன்னார் என்று எழுதலாம். அம்மா சொல்லவில்லை.

தூண்டில் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. தாமதமாக வராதே.

இப்படிக்கு,
வைதேஹி