கிராணி வீட்டுக்கு எட்டிய பாட்டு

இன்று காலை கிளினிக்கில் இரத்தம் எடுக்க வந்த தாதி என் கையைப் பஞ்சால் துடைத்தாள். ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஊசி மறந்துவிட்டது, நீ வந்துவிட்டாய். கோல சிலாங்கூரில் என் அப்பாவின் கேசட் கடையில், டேப் ரெக்கார்டரின் ஹெட்டை இதே ஸ்பிரிட்டால்தான் துடைப்பேன். நீ மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்ர பாட்டுக்கு எண்டால் ரெண்டுதரம் துடை" என்பாய். அந்தத் திமிர் உனக்கு அழகாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் உன் பாட்டுக் கேசட்டை நீயே வெளியிட்டாய். கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. கோலாலம்பூரில் தெரிந்தவர் ஒருவரின் அறையில் கித்தாரை வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்தது. எல்லாம் நீ வளர்ந்த ரப்பர் தோட்டத்துப் பாட்டு. பத்திரிகையில் புகழ்ந்து தள்ளினார்கள். அதிலும் 'ராசாவே' என்று வரும் ஒரு தாலாட்டைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று உனக்கு ஒப்பிப்பது என் வேலை. லோரி ஓட்டுநர் ஒருவர், சினிமாப் பாட்டு இல்லையென்றால் எதற்கு என்று திருப்பித் தந்துவிட்டார். ரவாங்கிலிருந்து வந்த ஆசிரியை, தன் பிள்ளை அதைக் கேட்டால்தான் கண் மூடுகிறது என்று தங்கைக்கும் ஒன்று வாங்கிப்போனார். கம்போங் குவாந்தானில் படகோட்டும் மலாய்க்காரர், ஒரு சொல்லும் புரியாமலே வாங்கியவர், இதைக் கேட்டால் செத்துப்போன தம்பி ஞாபகம் வருகிறது என்றார். பாஷை தெரியாதவர் பாவம் என்று நாம் சிரித்தோம். அவர் ஒருவர்தான் அதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பேட்டரி வாங்க உங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "வெளக்கு வெக்கிற நேரத்துல ஒப்பாரிய போட்டு வச்சிருக்கியே, அடச்சிரும்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விவரம் சொன்னார். மரம் சாய்ந்து செத்துப்போன புருஷனுக்காக அஞ்சலை என்பவர் அழுத பாட்டாம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரியுமாம்.

உன் அப்பா தோட்டத்துக் கிராணி, யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கெழுத வந்த குடும்பம். மேட்டில் உங்கள் வீடு, பள்ளத்தில் லயம். சின்னப் பெண்ணாகச் சன்னலோரம் நின்ற உனக்கு ராகமும் "ராசாவே" என்ற ஒரு சொல்லும்தான் எட்டியிருக்கின்றன. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் ராசாதான், போய்ச்சேர்ந்த புருஷனும் ராசாதான். மிச்ச வரிகளை நீயே எழுதி நிரப்பித் தாலாட்டாக்கிவிட்டாய். லயத்துப் பிள்ளைகள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

நான் போனில் சொன்னதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாய். உன் முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் காதில் சாவுப் பாட்டைப் போட்டுவிட்டேனே, ஒருத்தி துக்கத்துக்குப் பத்திரிகையில் என் படமா என்று புலம்பினாய். கேசட்டையெல்லாம் திரும்ப வாங்கிவிடுகிறேன், இனிப் பாடவே மாட்டேன் என்றாய். நீ சொன்னால் செய்கிறவள். அதுதான் எனக்குப் பயம். கிராணி வீட்டுப் பெண் லயத்தில் போய்க் கைகட்டி நிற்பதாவது என்று உன் அப்பா தடுத்தார். நீ கேட்கவில்லை. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் என் சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி வந்தாய்.

அஞ்சலையக்கா பால்வெட்டிவிட்டு வந்து குளித்து, ஈரத்தலையோடு கதவைத் திறந்தார். உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கிய சாரோங் தொட்டிலில் அவருடைய பேரன். பக்கத்து ஸ்டூலில் டேப் ரெக்கார்டர். அதில் நீ பாடிக்கொண்டிருந்தாய்.

வழியில் நீ ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றோடு போயிற்று. "அக்கா, நான் தாலாட்டு எண்டு நினைச்சிட்டன்" என்றாய்.

"தெரியும் பாப்பா. மொத தடவ கேட்டப்பவே தெரிஞ்சிருச்சி" என்றார் அவர். "கோவந்தான் வந்துச்சி. அப்புறம் பாத்தா இவன் தூங்கிட்டான். அவருக்குப் பேரன தூக்கிக் கொஞ்ச குடுத்து வெக்கல. அவரு பாட்டுலயாச்சும் புள்ள தூங்கட்டும்லா."

நீ டேப்பை அணைக்கக் கை நீட்டினாய். "நிறுத்தாத, முழிச்சிக்குவான்" என்று அதட்டினார். பிறகு தேநீர் கொடுத்து, கித்தார்ச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று குறை சொன்னார். பத்திரிகைக்காரர்கள் யாருக்கும் தோன்றாத விமர்சனம் அது.

திரும்பும் வழியில் செம்பனை மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதாய். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாய். ஜெராமில் ஒரு தட்டு மீ கோரெங்கை வழித்துத் தின்றுவிட்டு, என் தட்டிலும் கை வைத்தாய். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இனி நீ பாடுவாய்.

பாடினாய், கடைசிவரை பாடினாய். போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்த மண்டபத்தில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. எல்லாரும் டாக்டர், வக்கீல், கைக்குட்டைக்குள்ளேயே அழுகிறவர்கள். உன் மகன் கைப்பேசியில் அந்தப் பாட்டைப் போட்டான். உறவுக்காரர் ஒருவர் பதறிப்போய், "தம்பி, அது தாலாட்டு. செத்தவீட்டில போடக்கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஓடட்டும்யா, அது பொறந்ததே இந்த மாதிரி வீட்லதான்" என்றேன்.

உன்னோடு நானும் வாய்க்குள் பாடினேன். ராசாவே என்று வரும் இடத்தில் மட்டும் ராசாத்தி என்று வந்துவிட்டது. இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது அப்படித்தான் பாடுகிறேன். நீ பாடிய சொல் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.