எழவும் எலுமிச்சங்காயும்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் பின்பாதியை மட்டும்தான் எழுத முடிகிறது. நலமறிய ஆவல்.

அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின் விளக்கைக் கீழே திருப்பி, சுற்றிலும் துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன். அத்தை புரண்டு படுத்தாலே விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் பேசும்போதெல்லாம் உங்கள் தங்கை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். உங்களோடு வெல்டிங் வேலை செய்யும் மாமா லீவு முடிந்து விடிந்ததும் கிளம்புகிறார். பால் வாங்கப் போகும் சாக்கில் இதை அவரிடம் கொடுத்துவிடுவேன்.

அத்தையின் மேல் கோபப்படாதீர்கள். அவர் வந்ததிலிருந்து வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. எங்கள் வாயும்தான். நூல் அறுந்தால் அம்மா "எழவு" என்பாள் அல்லவா? அத்தைக்கு அது ஆகவே ஆகாது. வீட்டு ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அப்படிப் பேசினால் வாய் முகூர்த்தம் பலித்துவிடுமாம். ஆனால் அத்தையின் பழகிய நாக்கும் சும்மா இருக்குமா? பால் பொங்கி வழிந்தபோது "எழ..." என்று தொடங்கியவர் "எலுமிச்சங்கா" என்று முடித்தார். கட்டிலில் கால் இடித்தபோது "சனி..." என்றார், உடனே "சனிக்கிழமை" ஆக்கிவிட்டார். என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு "கரும்பு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.

பள்ளி நூலகத்து அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எழவு என்பது இழவு, அதாவது சாவு. கருமம் முதலில் வெறும் வேலைதான், பிறகுதான் செத்தவர்களுக்குச் செய்யும் காரியம் ஆயிற்று. சனி பாவம், தன் பாட்டுக்கு வானத்தில் சுற்றும் கிரகம். எழவு என்று சொன்னதற்கெல்லாம் சாவு வருமென்றால் நம் தையல் கடைத் தெருவில் ஓர் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அம்மாவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். அம்மா, "நாசமத்துப் போறவளே, எதுக்குடி அழுவுற?" என்றாள். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பெத்த பிள்ளைய இந்த நேரத்துல சபிக்கிறீங்களே அண்ணி."

"காதை நல்லா வச்சுக் கேளு. நாசமாப் போன்னா சொன்னேன்? நாசம் அத்துப் போன்னேன். உனக்கும்தான் சொல்றேன், நாசமத்துப் போ."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்தேன். எப்போதோ யாரோ ஒரு தாய்க்கு ஆத்திரம் நுனிநாக்கு வரை வந்திருக்க வேண்டும். கடைசி நொடியில் மனசு கேட்காமல் "அத்து" என்று ஒரே ஒரு சொல்லைச் செருகியிருப்பாள். சாபம் வாழ்த்தாகிவிட்டது. திட்டின திருப்தியும் அவளுக்கு, நல்ல வாக்கும் பிள்ளைக்கு.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாது, அப்பா. அத்தை உங்களிடம் "சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று சொன்னாரே, அதுவும் எலுமிச்சங்காய்தான். டாக்டர் சொன்ன சொல் வேறு. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அந்தப் பேரை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று அத்தை எனக்குச் சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் செய்யவில்லை. நீங்கள் பதறிப்போய் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள் என்பதுதான் அவர் பயம். அவர் அழுவது பாத்ரூம் குழாய்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கிறது.

புற்றுநோய். எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

அந்த வார்டில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஊசி குத்தினால் எல்லோரும் "அம்மா" என்கிறார்கள், தலை நரைத்தவர்கள்கூட. வலி விட்டால் "அப்பாடா" என்கிறார்கள். ஒருவரும் மாற்றிச் சொல்வதில்லை. ஏன் என்று அகராதியில் இல்லை. நான் தினமும் போர்வைக்குள் முதல் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் தூங்குகிறேன். இரண்டாவதைச் சொல்ல நீங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பார்க்கக் காத்திருக்கும் மகள்