வளையல் கழற்றாத கை

வளைகாப்பு முடிந்த கையோடு என் மகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுக்கும் பெண், "வளையலைக் கழட்டணுமே" என்றாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். "பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்கம்மா." அவள் கை அசைந்ததில் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

திருவொற்றியூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தோம். உனக்கு ஊரைக் கூட்டி வளையல் அடுக்கினார்கள். நான் ஓடிவந்து கட்டிக்கொண்டவள், எனக்கு யார் போடுவார்கள்? "இன்னாடி, கை மொட்டையா கீது" என்று நீதான் கிண்டல் செய்வாய்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். ரத்தத்தில் துத்தநாகம், செம்பு எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், பின்னால் யாருக்கு பிரஷர் ஏறும், யாருக்கு வலிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்களாம். வளையல் ஜிகினா உதிர்ந்து ரத்தத்தில் பட்டால் கணக்கு கெட்டுவிடும், அதனால் எல்லோரும் கழற்றிவிட்டு வாருங்கள் என்றார்கள்.

வெளியே உன் மாமியார் காவல். "கழட்டினா கெழவி என்னை வூட்டுல சேக்காது. எனக்கும் சேத்து நீயே குட்த்துடுடி. ரெண்டு பேரும் ஒரே கொழா தண்ணிதானே குடிக்கறோம்" என்றாய். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. என் பெயருக்கு இடது கையைக் கொடுத்தேன். ரத்தம் எடுக்கிற ஆள் மாறியதும் உன் சீட்டை நீட்டி வலது கையைக் காட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

இருவருக்குமே பயமில்லை என்று சொன்னார்கள். அதன் பிறகு உன் கால் வீங்கியது, தலையை வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். "அதான் ரத்தத்தைப் பாத்து நல்லாகீதுன்னு சொல்லிட்டாங்களே" என்றாய். அது என் ரத்தம் என்பது உனக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது. வலிப்பு வந்த பிறகுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ பிழைத்தாய். பிள்ளை பிழைக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. அவ ரத்தத்தையே பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். தெரிந்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எனக்கு மகள் பிறந்தாள். எனக்குப் பால் ஊறவில்லை. உனக்கோ பால் கட்டி நெஞ்சு வலித்தது. நான் வாய் திறந்து கேட்கவில்லை. நீயே வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாய். "நீ எனக்கு ரத்தம் குட்த்த, நான் ஒனக்கு பால் குடுக்கறேன். சரியாப் பூட்ச்சு, போ" என்றாய். நீ சிரித்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். உனக்கு வேண்டுமானால் சரியாகிப் போயிருக்கலாம். எனக்கு ஆகவில்லை.

நீ பால் கொடுத்து வளர்த்தவள்தான் இன்று ஊசிக்கு முன்னால் கையை மடக்கி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்று உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல்.

"கழட்டு" என்றேன்.

அவள் தயங்கினாள். நானே ஒவ்வொன்றாக உருவி என் கையில் மாட்டிக்கொண்டேன்.