செண்பகம் பட்டுப்போன காரணம்

இன்று காலை கோட்டைத் தோட்டத்து மதிலை ஒட்டி மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்தேன். உள்ளே செண்பகம் பூத்திருக்கிறது. வாசனை தெருவரைக்கும் வந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்து, மதிலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மீன் வாங்க வந்த ஒருத்தி, "இன்னாமே, மீனு கெட்டுப்பூட்ச்சா, அழுவுற?" என்றாள். வாயைத் திறந்தால் அவளை ஏதாவது அசிங்கமாகச் சொல்லிவிடுவேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

நம் வீட்டுச் செண்பகம் செத்துவிட்டதய்யா. இத்தனை நாள் உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு எழுத்தும் தெரியாது. எழுதினாலும் நீ இருக்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் யார்? மனசுக்குள்ளேயே சொல்கிறேன், கேட்டுக்கொள். அது ஏன் செத்தது என்பதை உன் ஒருவனிடம்தான் சொல்ல முடியும்.

அந்தக் கன்றை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? இலங்கையிலிருந்து வந்த கப்பல் தூரத்தில் நிற்க, படகில் சரக்கு இறக்கப் போயிருந்தாய். கோட்டையில் இருக்கிற ஒல்லாந்த வெள்ளைக்காரர் தோட்டத்துக்கென்று வந்த கன்றுகளில் ஒன்றின் தொட்டி உடைந்துபோக, கடலில் வீசச் சொன்னார்களாம். நீ அதைத் தலைத்துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தாய். நம் கோட்டைக்குப்பமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். "நண்டு வளை தோண்டுற மண்ணுல செம்பகமா? உனக்குப் புத்தி கித்தி கீதா?" என்றேன்.

"'நான் மீன் நாத்தம் புடிச்சவ, தலையில வெச்சா பூவுக்குத்தான் அசிங்கம்'னு சொல்லிகினு கீறியே. இப்ப பூவு உன் வாசல்லயே வந்து நிக்கப்போவுது. எங்க ஓடுவ?" என்றாய்.

மணல் தாங்காது என்று ஆழமாய்க் குழி வெட்டினாய். ஏரிக்கு அக்கரையில் நெல் விளைகிற ஊருக்குப் போய், மீனைக் கொடுத்து வயல் களிமண் வாங்கி, ஓடம் ஓடமாய்க் கொண்டுவந்து நிரப்பினாய். ஊற்றுத் தண்ணீரை நான் சுமந்தேன், நீ ஊற்றினாய். அது என் உயரம் வளர்ந்தது, உன் உயரம் வளர்ந்தது, கூரையையும் எட்டிப் பார்த்தது. பூ மட்டும் பூக்கவில்லை. "அடுத்த வருசம் பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அடுத்த வருசம் நீ இல்லை. முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். நீ வரவில்லை, உன் உடம்பும் வரவில்லை. கரை கரையாய்த் தேடினேன். புதைக்க ஒரு பிடி எலும்புகூடக் கிடைக்காதவளுக்கு எந்த இடத்தில் விழுந்து அழுவது? அந்த மரத்தடியில்தான் அழுதேன். உன் கை பட்டு உயிரோடு நின்றது அது ஒன்றுதான்.

இந்தச் சித்திரையில் அதன் இலை ஓரமெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் ஒரு குடம் ஊற்றினேன். மளமளவென்று இலை கொட்டியது. நகத்தால் கிளையைச் சுரண்டினேன், பச்சை இல்லை. அடிமரத்தைச் சுரண்டினேன், அங்கேயும் இல்லை. இன்னொரு முறை உன்னைச் சாகக்கொடுத்தேனய்யா.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து பார்த்து, "சுண்ணாம்புக் காளவாய்ப் பொகை பட்ருக்கும்மே," என்றாள். அவள் வீட்டு முருங்கை பத்தடி தள்ளிப் பச்சைப்பசேலென்று ஆடிக்கொண்டிருந்தது. புகை இதை மட்டும் தேடி வந்ததா? பூச்சியா என்று தண்டைப் பிளந்து பார்த்தேன், ஓட்டை எதுவும் இல்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் வேரடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கருவாட்டுக் குழம்பு தோற்றுப்போகும், அவ்வளவு கரிப்பு.

கடலோடு கலந்த ஏரியின் உப்புத் தண்ணீர் அடியிலிருந்து ஏறியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. குழியை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி மறுபடி ருசி பார்த்தேன். அடியில் கரிப்பு குறைவு, மேலேதான் அதிகம். அப்படியென்றால் உப்பு ஏறி வரவில்லை, யாரோ மேலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். மணலாக இருந்திருந்தால் மழைக்கே இறங்கிப் போயிருக்கும். நீ கொண்டுவந்த களிமண் அத்தனையையும் பிடித்து வைத்துக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியுமே. எவளாக இருந்தாலும் குடலை உருவி வேலியில் போடுவேன் என்று வாசலில் நின்று கத்தினேன். உன் அம்மா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விடியலில் மீன் எடுக்கப் போகிறவள் மாதிரி கூடையோடு கிளம்பி, திரும்பி வந்து காய்கிற வலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கதவு திறந்தது. அத்தை வந்தாள், கையில் உன் கஞ்சிக் கலயம். நீ கடலுக்குப் போகும்போதெல்லாம் அவள் கரைத்துத் தருவாளே, அதே கலயம். "வேர்த்துக் கொட்ற ஒடம்பு, உப்பு போட்டாத்தான் தெம்பு" என்று கைப்பிடி உப்பு அள்ளிப் போடுவாளே, அதே கஞ்சி. பட்டுப்போன மரத்தின் எதிரில் குந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் வேரடியில் ஊற்றினாள்.

"குடிடா நைனா. வெறும் வயித்தோட கெடக்காத."

நீ போன நாளிலிருந்து, நான் தெருவில் இறங்கியதும் தினமும் இதுதான் நடந்திருக்கிறது. நான் அழத் தேடிக்கொண்ட இடத்தில் அவள் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஊற்றுவது எனக்குத் தெரியாது, நான் அழுவது அவளுக்கும் தெரியாது. என் ஆத்திரமெல்லாம் காலுக்குக் கீழே ஓடிப்போயிற்று. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "இது இன்னாத்துக்குமே செத்துச்சி? மண்ணெல்லாம் தோண்டிப் பாத்தியே, தெரிஞ்சிதா?"

"ஏரித் தண்ணி அடியில ஏறிகிச்சி அத்தே. நாம இன்னா பண்ண முடியும்."

"நான் நல்லாத்தான பாத்துகினேன்?"

"நல்லாத்தான் பாத்துகின."

கலயத்தில் பாதிக் கஞ்சி மிச்சம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே இவனுக்கு எங்க ஊத்துறது?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளா, மரத்திடம் கேட்டாளா, தெரியவில்லை. நான் கலயத்தை வாங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது. இதையா தினம் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் கடலுக்குப் போனாய் என்று நினைத்தபோது, செத்ததற்குப் பிறகும் உன்மேல் ஆசை கூடிப்போயிற்று.

இப்போது தினமும் குடித்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குகிறேன். முழுசும் குடிக்கிறேனா என்று எதிரில் நின்று பார்க்கிறாள். கலயத்தைத் திருப்பி வாங்கும்போது என் முகத்தைப் பார்த்து, "உப்பு போதுமாடா நைனா?" என்கிறாள்.

போதும்மா, என்கிறேன்.