மூன்றாவது வரியில் ஒரு பள்ளம்

மார்ச் 3, செவ்வாய், மாலை 5.10

பாட்டு வகுப்புக்கு வந்திருப்பவர்கள் நான்கு பேர். மூன்று பேருக்குச் சுருதி என்பது மின்விசிறிச் சத்தம். நான்காவது ஆள், தையல்காரம்மாவின் மகள். பதின்மூன்று வயது, நான் வைத்த பெயர் சுண்டெலி. ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பாடுகிறாள். இருபதாம் தேதி அவளுக்கு இசைப் பள்ளி நுழைவுத் தேர்வு. அவள் தேறினால் இந்த வகுப்புக்கு ஆள் வரும். இல்லையென்றால் நான் மறுபடி மேடை மேடையாக ஒலிபெருக்கி கட்டப் போக வேண்டியதுதான். ஒலிப்பதிவு படித்தவனுக்கு நல்ல மரியாதை!

மார்ச் 6

தேர்வுப் பாட்டின் மூன்றாவது வரியில், ஒரு சொல்லின் நடுவில் மூச்சு எடுக்கிறாள் சுண்டெலி. சொல் இரண்டாக உடைகிறது. "நுரையீரல வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றேன். "இல்ல சார்" என்றாள். பதிலைப் பார்!

மார்ச் 9

மறுபடி அதே இடம். திட்டினேன். வாசலில் நின்ற அவள் அம்மா, "வீட்லயும் நீங்க பாடி அனுப்பினதத்தான் தம்பி ஓயாம போட்டுக் கேக்குறா" என்றார். கேட்டு என்ன பயன்? காது இருக்கிறது, மூளை எங்கே?

மார்ச் 11

அவள் குரலைப் பதிவு செய்து கணினியில் அலையாக விரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பள்ளம். ஆதாரத்தோடு திட்டலாம் என்று, நான் பாடி அனுப்பியதையும் கீழே திறந்தேன்.

அதே இடம். அதே பள்ளம். அதே அகலம்.

சே! மேல ஏற எனக்குத்தான் மூச்சு பத்தல. இத்தனை நாளா அவ என்னையே பாடிக்கிட்டிருந்திருக்கா — நானும் உட்கார்ந்து திட்டிக்கிட்டிருந்திருக்கேன். படிச்ச முட்டாள்.

மார்ச் 12

"அங்க ஏன் மூச்சு எடுக்கிற?"

"பாட்டே அப்படித்தானே சார்?"

"இல்ல. அது நான் திணறுறது. உனக்கு எங்க வேணுமோ அங்க எடு."

மூன்றாவது வரியை முடித்து, நான்காவதையும் அதே மூச்சில் பாடினாள்.

"அப்ப என்னை எதுக்கு சார் திட்டினீங்க?"

ஆர்மோனியத்தைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 20

பாடிவிட்டாள். தேர்வாளர்களில் ஒருவர் நகம் கடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரியில் அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

மார்ச் 24

தேறிவிட்டாள். இனி சனிக்கிழமை மட்டும் இங்கே வருவாளாம். இன்று பிள்ளைகளைச் சேர்க்க மூன்று அம்மாக்கள் வந்தார்கள். மூவருக்கும் ஒரே ஆசை: "ஒரு பாட்டு பாடிக் காட்டுங்க தம்பி, கேப்போம்." தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். இனி:

1. பாடிக் காட்டுவதில்லை. ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவது. அதற்கு மூச்சு வாங்காது.
2. அனுப்பிய பதிவுகளை எல்லோரையும் அழிக்கச் சொல்வது. காரணம் சொல்வதில்லை.
3. மூச்சுப் பயிற்சி, எனக்கு. அந்த இரண்டு வரியை ஒரே மூச்சில் எப்படி இழுத்தாள் என்று சனிக்கிழமை சுண்டெலியிடமே கேட்பது. சிரித்தால், திட்டிவிட்டு மறுபடி கேட்பது.