ஒலிபெருக்கியில் வராத பெயர்

மாமி,

நேற்றுப் பல் வைத்தியருக்காகக் காத்திருந்த இடத்தில், தொலைக்காட்சியில் ஒரு பழைய சிங்களப் படம் தொடங்கியது. பெயர்கள் ஓடின. உங்களுக்கு டைரக்டர் வைத்த பெயரும் ஓடியது. பிறகு கறுப்பு வெள்ளையில், கிணற்றடியில் சிரித்துக்கொண்டு நீங்கள். "வடிவான பொம்புளகா," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

கொழும்பில் சவர்க்கார விளம்பரத்துக்கு நின்றீர்கள், சேலைக் கடைக் கலண்டருக்கு நின்றீர்கள், பிறகு படங்கள். உங்கள் சிங்களத்தில் நம்மூர் வாடை அடிக்கிறதென்று வேறொருத்தியைக் குரல் கொடுக்க வைத்தார்களாம். "பேரும் என்டல்ல, கொரலும் என்டல்ல. மூஞ்சி மட்டும்தான் நான்," என்று சிரிப்பீர்கள். கல்முனை பஸ் நிலையச் சுவரில் அந்த முகத்தோடு போஸ்டர் ஒட்டப்பட்ட கிழமைதான் வாப்பா கொழும்புக்குப் போய்த் தன் ராத்தாவான உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் திரும்பிப் போகவில்லை. படத்தில் நடித்த பெண்ணைக் கேட்டு கல்முனைக்குடியில் ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை. கடைக்குப் போனால் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொள்வீர்கள்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போனது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் காலமானார் என்று வழமைபோல. நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"எனக்கு என்னண்டு செல்லுவானுகள் புள்ள? புரிசனுமில்ல, புள்ளயுமில்ல."

"ஒங்கட பேரைச் செல்லுவாங்க மாமி."

"ஓம், செல்லிக் கிழிச்சானுகள்! நீ உன்ட வாப்பாட்டச் செல்லி வை. என்ட வாப்பா வெச்ச பேரை. ஒருக்காச் செல்லட்டும், அதுவே காணும்."

பகிடிபோலத்தான் சொன்னீர்கள். ஆனால் நான் தலையாட்டும்வரை என் கையை விடவில்லை.

போன மாரியில் நீங்கள் மௌத்தான அன்று, பள்ளிக்குப் புறப்பட்ட வாப்பாவை வாசலில் மறித்துச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "பொம்புளட பேரை மைக்கில செல்ற வழக்கமில்ல மகள். என்ட பேரைச் சென்னாத்தான் ஊருக்கு விளங்கும்," என்றார்.

வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய சகோதரி என்று அறிவித்தார்கள். வாப்பாவுக்கு இரண்டு சகோதரிகள். பாதிப் பேர் நிந்தவூரிலிருக்கும் சின்ன மாமியின் வீட்டுக்கு அழுதுகொண்டு போய்விட்டார்கள். அவர் கேற்றடியில் நின்று, "நான் உசிரோடதான் இரிக்கன்! மௌத்தானது எங்கட ராத்தா!" என்று கத்த வேண்டியிருந்தது. யாரோ சிரித்தார்களாம். வாப்பா மறுபடி பள்ளிக்கு ஓடினார். இரண்டாவது அறிவித்தலில் ஒரேயொரு சொல் கூடியது. மூத்த சகோதரி.

அடக்கிவிட்டு வந்த வாப்பா கால் கழுவாமலே வாசலில் உட்கார்ந்தார். மண்ணிட்ட பிறகு ஓதும் தல்கீனில் மௌத்தானவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஓத வந்த லெப்பை அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார். "ராத்தாட பேர் வாயில வரல்ல மகள். அந்தச் சிங்களப் பேர்தான் வந்திச்சி," என்றார் வாப்பா. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்ததாம்.

நீங்கள் கேட்டபடி ஒருக்காச் சொல்லிவிட்டார்கள், மாமி. ஆண்கள் மட்டும் நிற்கும் இடத்தில், உங்கள்மேல் மண் மூடிய பிறகு.

சுபஹு தொழுது கையேந்தும்போது நான் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். சில விடியல்களில் அது என் நாக்கிலும் ஒரு நொடி தயங்குகிறது. பயந்துபோகிறேன். அது வரும்வரை கையை இறக்குவதில்லை.